நிறம் சொல்லாததை எலக்ட்ரான் சொல்லும்

கரிமச் சூரியக் கலங்களில் வெயிலை மின்சாரமாக்குபவை, சில பத்து நானோமீட்டர் முதல் சில நூறு நானோமீட்டர் வரை தடிமன் உள்ள கரிமச் சேர்மப் படலங்கள். ஒளி பட்டதும் இவற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய, எந்த நிறத்தை எவ்வளவு உட்கொள்கின்றன என்று அளப்பதே பழைய வழக்கம். அது மட்டும் போதாது. இரண்டு படிகளுக்கு இடையே உள்ள உயரத்தைச் சொல்லிவிட்டு, அவை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என்பதைச் சொல்லாமல் விடுவது போன்றது நிறமாலை. ஒளியை நேரடியாக ஏற்காத ‘இருண்ட’ நிலைகளோ அதன் பார்வைக்கு எளிதில் சிக்குவதே இல்லை.

நீலக்கருமையான பென்டசீனை எடுத்துக்கொள்வோம். ஐந்து பென்சீன் வளையங்கள் வரிசையாக ஒட்டிய மூலக்கூறு இது. ஒளி பட்டதும் உண்டாகும் சிங்லெட் நிலையின் ஆற்றல் சுமார் 1.83 எலக்ட்ரான்வோல்ட், இருண்ட டிரிப்லெட் நிலைக்குச் சுமார் 0.86 போதும். ஆகவே ஒரு சிங்லெட் இரண்டு டிரிப்லெட்டுகளாகப் பிளக்க முடியும். ஏறக்குறைய 100 ஃபெம்டோவிநாடிக்குள் முடிந்துவிடும் இந்தப் பிளவை நேரில் பார்க்க, லேசரின் முதல் துடிப்பால் படலத்தைக் கிளர்த்தி, சற்றுத் தாமதித்து வரும் புறஊதாத் துடிப்பால் கிளர்ந்த எலக்ட்ரானை வெற்றிடத்துக்குள் வெளியேற்றி, அதன் வேகத்தை, அதன் வழியே ஆற்றலை, அளக்கிறார்கள். தாமதத்தைத் தருவது ஒரு கண்ணாடி: 15 மைக்ரோமீட்டர் பின்னால் நகர்த்தினால், போகவர 30 மைக்ரோமீட்டர் கூடி, ஒளி 100 ஃபெம்டோவிநாடி தாமதமாகும். 2011இல் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஷியாவ்யாங் ஜுவின் குழு இம்முறையால் பென்டசீனில் பிளவின் இடைநிலையையே பதிவு செய்தது.

எலக்ட்ரானைப் பிடுங்கினால் மூலக்கூறே மாறிவிடுகிறதே, அளப்பது கிளர்ந்த நிலையையா, மிச்சத்தையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மிஞ்சும் நேர்மின் துளையின் ஆற்றலைச் சாதாரண ஒளிமின் அளவீட்டிலேயே தனியே அறியலாம். கணக்கில் அதையும் சேர்த்தால் கிளர்ந்த நிலையின் ஆற்றல் கிடைத்துவிடும். ஆற்றல் மட்டும் போதாத இடத்தில் எலக்ட்ரான் பறக்கும் திசை கைகொடுக்கிறது, ஏனென்றால் அது புறப்பட்ட ஆர்பிட்டலின், அதாவது மூலக்கூறில் எலக்ட்ரான் பரவியிருந்த பகுதியின், வடிவம் திசையில் பதிந்திருக்கும். பெர்லினின் ஃபிரிட்ஸ் ஹாபர் நிலையம் தலைமையேற்ற குழு 2023இல் பென்டசீன் படிகத்தில் இப்படித்தான் சிங்லெட்டையும் இரட்டை டிரிப்லெட்டையும் பிரித்தறிந்து, அண்டை மூலக்கூறுகளுக்கிடையே மின்னூட்டம் இடம்பெயர்வதே பிளவுக்கு வழி என்று காட்டியது. மேற்பரப்பின் சில நானோமீட்டர்தான் இந்த அளவீட்டுக்கு எட்டும் என்பது உண்மையான குறை. ஆழத்தில் புதைந்த அடுக்குகளுக்கு ஒளி அளவீடுகளே இன்றும் கதி. எனவே புதிய சூரியக் கலப் பொருளின் திறனை முடிவு செய்பவர்கள் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.