கல்லாவில் இருக்கும் கண் காலிலும் இருக்கட்டும்!



காலையில் கடை திறந்ததும் தராசைச் சரிபார்க்கிறோம். இரவில் கல்லாவை எண்ணாமல் கதவைப் பூட்டுவதில்லை. ஆனால் நாள் முழுவதும் நம்மைச் சுமக்கும் கால்களை எத்தனை பேர் குனிந்து பார்க்கிறோம்?

பழனிசெட்டிபட்டியானாலும் கம்பமானாலும், நாலு வியாபாரிகள் கூடித் தேநீர் குடிக்கும் இடத்தில் "எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்ற குரல் கேட்காமல் இருப்பதில்லை. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இந்நோய் ஓசையின்றிக் கெடுப்பது நரம்புகளை. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தே இருந்தால் நரம்புகளும், அவற்றுக்கு ஊட்டம் தரும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பழுதாகின்றன. நீளமான நரம்பு பாதத்துக்குச் செல்வதால் முதல் அடி அங்கேதான். மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி ஆகியவை அறிகுறிகள். இவற்றைவிட ஆபத்தானது, வலியே தெரியாமல் போவது! பெட்டியைப் பிரிக்கும்போது சிதறிய ஆணி குத்தினாலும் தெரியாது. புண் புரையோடிய பிறகு மருத்துவரிடம் போனால் விரலோ காலோ இழக்க நேரலாம்.

யாருக்கு அபாயம் அதிகம்?

சென்னையில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு 26 பேருக்கு நரம்புப் பாதிப்பு காணப்பட்டது. நோய் இருப்பதே அப்போதுதான் தெரியவந்தவர்களிலும் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அது இருந்தது! வயது, நோயுடன் கழித்த ஆண்டுகள், கட்டுக்கடங்காத சர்க்கரை ஆகிய மூன்றும் முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன.

வயதையும் ஆண்டுகளையும் நாம் குறைக்க முடியாது. சர்க்கரையைக் குறைக்கலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு பெரும்பாலோருக்கு 7 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. புகை, மது, இரத்தக் கொதிப்பு, உடல் பருமன், இரத்தக் கொழுப்பு ஆகியவையும் பாதிப்பை வளர்ப்பவை. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுவோருக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதனாலும் நரம்பு கெடும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நமது தொழிலில் கவனிக்க வேண்டியவை

கடைக்குள் செருப்பில்லாமல் நடப்பது நம் வழக்கம். சர்க்கரை உள்ளவர்கள் கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். போடுமுன் அதை உதறிப் பாருங்கள். கூட்டம் குறையட்டும் என்று மதிய உணவை நாலு மணிக்குத் தள்ளாதீர்கள். காலாணியைப் பிளேடால் சீவ வேண்டாம். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துபோகும். இரவு கணக்கு முடிந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை பாதப் பரிசோதனை அவசியம். பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வலி கிடையாது, சில நிமிட வேலைதான். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஆலோசனை கேளுங்கள்.

தராசில் பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் நமக்குத் தெரியும். அந்தப் பத்து கிராம் நம் பாதத்துக்குத் தெரிகிறதா? ஒரு நாள் கடை அடைத்தால் வரும் நட்டத்தை மறுநாள் ஈடுகட்டலாம். இழந்த காலை எந்தச் சந்தையிலும் கொள்முதல் செய்ய முடியாது!