வேறு வண்டியின் அலாய் எஸ்யூவிக்குப் பொருந்துமா?

எஸ்யூவியில் வேறு மாடலின் அலாய் வீலை மாட்டுமுன் முதலில் பார்க்க வேண்டியது பிசிடி. ஹப்பிலுள்ள ஸ்டட்களின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம் அது. ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ், டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா மூன்றுக்கும் 5 ஸ்டட், 114.3 மி.மீ. ஃபார்ச்சூனருக்கு 6 ஸ்டட், 139.7 மி.மீ. துளைகளின் எண்ணிக்கை ஒத்தால் மட்டும் போதாது. ஃபோக்ஸ்வாகன் டிகுவானின் பிசிடி 112 மி.மீ. கிரெட்டாவுக்கும் அதற்கும் வித்தியாசம் வெறும் 2.3 மி.மீ. தான். நட்டை இறுக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஸ்டட் வளைந்த நிலையில் சுமை தாங்கும். ஓட்டத்தில் நட் தளரும், ஸ்டட் முறியவும் கூடும்.

அடுத்தது சென்டர் போர், அதாவது வீலின் நடுத்துளை. கிரிஸ்டாவுக்கு 60.1 மி.மீ., கிரெட்டாவுக்கு 67.1 மி.மீ. பிசிடி ஒன்றாக இருந்தும் கிரிஸ்டாவின் வீல் கிரெட்டாவின் ஹப்பில் ஏறாது. கிரெட்டாவின் வீல் கிரிஸ்டாவில் ஏறும். ஆனால் இடைவெளி விழும். அதை நிரப்பச் சரியான அளவு ஹப் ரிங் போடாவிட்டால் வீல் மையம் தப்பி, வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

மூன்றாவது ஆஃப்செட். வீலின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே அது. வீலில் 'இடி' என்ற இரு ஆங்கில எழுத்துகளுடன் மி.மீ. கணக்கில் பொறித்திருப்பார்கள். அகலம் மாறாமல் ஆஃப்செட் 45-லிருந்து 25-ஆகக் குறைந்தால் சக்கரம் 20 மி.மீ. வெளியே தள்ளும். வீல் பேரிங்கில் சுமை கூடும். பள்ளத்தில் இறங்கும்போது டயர் ஃபெண்டரில் உரசலாம். ஆஃப்செட் கூடினால் உள்பக்கம் சஸ்பென்ஷனில் இடிக்கலாம்.

நட்டின் இருக்கையும் கவனத்துக்குரியது. கூம்பு வடிவம், உருண்டை வடிவம், வாஷருடன் கூடிய தட்டை வடிவம் என மூன்று வகை உண்டு. ஒன்றுக்கு உரிய நட்டை மற்றொன்றில் போட்டால் பிடிப்பு நிற்காது. வீல் தாங்கும் எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். சிறிய காரின் வீல் எடை கூடிய எஸ்யூவியை ஆளும் சாமானுமாகத் தாங்கும் என்று நம்பக் கூடாது.

டயரின் மொத்த உயரமும் மாறக் கூடாது. 215/60 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 690 மி.மீ.; 235/65 ஆர்17 சுமார் 737 மி.மீ. வித்தியாசம் ஏறத்தாழ 7 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டுவது சரியான வேகமாக இருந்த வண்டி, டயரை மாற்றியபின் அதே முள்ளில் 107-ல் ஓடும். ஆல் வீல் டிரைவ் வண்டியில் நான்கு டயரும் ஒரே விட்டத்தில் இல்லையென்றால் பல்சக்கரங்களும் கிளட்ச்சும் சூடேறித் தேயும்.

மாட்டிய பிறகு டார்க் ரெஞ்ச் கொண்டு, வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு நட்டுகளை இறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும். இத்தனை அளவுகளில் ஒன்று தவறினாலும், அந்த வீல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கடையிலேயே விட்டுவிடுவதுதான் நல்லது.