விதைத்த பிள்ளையே பறிக்கட்டும்

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஏழெட்டு வெண்டை விதைகள், அத்தனையும் இளஞ்சிவப்பு. வியர்வையில் சாயம் இறங்கி விரலிடுக்கெல்லாம் ரோஸ் நிறம். "சார், மிட்டாய் மாதிரியே இருக்கு" என்றாள். அது மிட்டாய்ச் சாயம் இல்லை, பூஞ்சைக்கொல்லி. கடையில் விற்கும் விதைப் பொட்டலங்கள் பலவற்றில் திரம், கேப்டான் போன்ற மருந்தைப் பூசித்தான் விதையை அடைக்கிறார்கள். தின்னக்கூடாது என்ற எச்சரிக்கை பொட்டலத்தின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும். அதை அந்த வகுப்பில் யாரும் படித்திருக்கவில்லை. அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்பு போட்டுக் கை கழுவ வைத்தேன். பள்ளித் தோட்டம் என்றதும் பிள்ளைகளை நிற்கவைத்துப் படம் எடுக்கிற நமக்கு, அவர்கள் கையில் என்ன கொடுக்கிறோம் என்ற கவனம் போதவில்லை என்று அன்று பட்டது.

சங்கரன்கோவில் பக்கம் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, நமக்குக் காற்றை மட்டும் அனுப்பும். இங்கே மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் பெரியவர்கள். ஆனால் கிணறு, போர் வசதி இல்லாத கரிசல் மானாவாரிக்குப் புரட்டாசிப் பட்டமே கைகொடுக்கும். பள்ளிக்கூடத்துக்கும் அதுவே சரி. காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபர் முதல் வாரத்தில் மணி அடித்தால், டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை விடும்வரை ஏறத்தாழ 80 நாள் கையில் இருக்கும். இந்த 80 நாளுக்குள் விதைத்துப் பறித்துச் சமைக்க முடிகிற பயிரை மட்டும் எடுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். விடுமுறையில் காய்த்து யார் வீட்டுக்கோ போகிற காயால் விதைத்த பிள்ளைக்கு என்ன பயன்?

சிறுகீரையும் தண்டுக்கீரையும் 25 நாளில் வந்துவிடும். முள்ளங்கிக்கு 45 நாள் போதும். வெண்டையும் கொத்தவரையும் 45, 50 நாளில் முதல் பறிப்புக்கு வரும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கலாம். செடி அவரைக்கு 60 நாளுக்கு மேல். கத்தரியை விதையாகப் போட்டால் கணக்கு உதைக்கும். நாற்றங்காலில் ஒரு மாதம், நட்ட பிறகு இரண்டு மாதம் ஆகும். ஆவணிக் கடைசியிலேயே நாற்று விட்டிருந்தால் மட்டும் கத்தரியை எடுங்கள். சின்ன வெங்காயம் நம் மண்ணுக்குப் பழகியது, 70 நாளில் கிளறிவிடலாம். அடைமழையில் அழுகும் என்பதால் மேட்டுப்பாத்தி கட்டாயம். பூசணி வேண்டாம், நாலு மாதம் இழுக்கும். முட்டைக்கோசும் காலிஃபிளவரும் ஆசை காட்டும். புழு விழுந்ததும் யாராவது மருந்தடிக்கச் சொல்வார்கள், வம்பு அங்கேதான் ஆரம்பம்.

கரிசல் தண்ணீரைப் பிடித்துவைக்கிற மண். அரை அடி உயரத்துக்குப் பாத்தியை ஏற்றி, மூன்றடி அகலத்துக்கு மேல் போகாமல் கட்டினால், இரண்டு பக்கமும் நின்று பிள்ளைகள் கையை எட்டி வேலை பார்க்கலாம், செடியை மிதிக்க வேண்டியதில்லை. கீரை விதையை மொத்தமாகத் தூவாதீர்கள். ஒரே மழையில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். வாரத்துக்கு ஒரு வரிசை போதும்.

இந்தத் தோட்டத்துக்கு அரசுப் பணம் உண்டு. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2019 அக்டோபரில் வெளியிட்ட பள்ளி ஊட்டச்சத்துத் தோட்ட வழிகாட்டுதலில் பள்ளிக்கு 5,000 ரூபாய் என்ற அளவு இருக்கிறது. இடம் இல்லையென்றால் மாடியிலோ தொட்டியிலோ வளர்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பள்ளிக்குப் பணம் வந்ததா, எதற்குச் செலவானது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். அங்கே பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்துக் காய் சத்துணவுக்குக் கூடுதல்தான், பதில் இல்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்புவரை பிள்ளைக்கு மதிய உணவு உரிமை. திட்ட அளவின்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம், நடுநிலைப் பிள்ளைக்கு 75 கிராம் காய்கறி உண்டு. செடி பட்டுப்போனாலும் அது தட்டில் விழ வேண்டும். "தோட்டத்துல இன்னும் காய் வரல, அதான் சாம்பாருல காய் இல்ல" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வேலை விஷயத்திலும் ஒரு கோடு உண்டு. பாடத்தோடு சேர்த்து அரைமணி நேரம் மண்ணில் கைவைப்பது கல்வி. வீட்டுப்பாடம் எழுதாத பையனை வெயிலில் களை எடுக்கச் சொன்னால் அது தண்டனை, கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. யார் தண்ணீர் சுமக்கிறார்கள், யார் எருவை அள்ளுகிறார்கள், யார் காய் பறிக்கிறார்கள் என்றும் உற்றுப் பாருங்கள். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே ஒரு கிராமத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்குச் சீல் வைத்தார்கள், கைதும் நடந்தது. அந்த வலியைப் பார்த்த வட்டாரம் இது. எரு அள்ளும் முறையும் காய் பறிக்கும் முறையும் எல்லாப் பிள்ளைக்கும் மாறி மாறி வரவேண்டும். வரவில்லை என்றால் 14417 என்ற கல்வி உதவி எண்ணும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன.

பூச்சிமருந்து பள்ளி வளாகத்துக்குள் நுழையவே கூடாது. பீகாரின் சரண் மாவட்டத்தில் 2013 ஜூலையில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். காய்கறிகளுக்கு அந்த மருந்தை அடிக்கக்கூடாது என்று 2005லேயே தடை இருந்தது. காலி மருந்துக் கேனைக் கழுவிப் பூவாளியாக்குவதும் அதே ஆபத்துதான். அசுவினிக்கு வேப்பங்கொட்டையை இடித்து லிட்டருக்கு 50 கிராம் வீதம் ஊறவைத்து வடிகட்டித் தெளித்தால் போதும். பச்சைச் சாணியைக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள், மட்கிய எரு மட்டும் போடுங்கள். வேலிக்குக் காட்டாமணக்கு நட்டிருந்தால் பிடுங்கி எறியுங்கள். அதன் கொட்டையைத் தின்று பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போவது நம் மாவட்டங்களுக்குப் புதிதில்லை. அப்படி எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108ஐ அழையுங்கள், பொட்டலத்தையோ கொட்டையையோ கையோடு கொண்டுபோங்கள்.

மழைக்காலத்தில் பாம்பு வரும். புற்றை வணங்குகிற, புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பூசிக்கொள்கிற ஊர் இது. அந்த பக்தி இருக்கட்டும். கடிபட்ட பிள்ளையை மந்திரிக்கத் தூக்கிப்போகாமல், காலை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. கட்டுவதும் கீறுவதும் கேடு. பாத்தியைச் சுவரோரமும் செங்கல் குவியலோரமும் போடாமல் இருந்தாலே பாதிப் பயம் குறையும். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கவிழ்க்காவிட்டால் டெங்குக் கொசுவையும் சேர்த்து வளர்க்கிறோம்.

விதை வாங்கினால் பில்லையும் பொட்டலத்தையும் பத்திரப்படுத்துங்கள். முளைப்புத்திறன் வெண்டைக்கு 65 சதவீதம், கத்தரிக்கும் தக்காளிக்கும் 70 இருக்க வேண்டும். காலாவதி நாளும் அதில் அச்சாகியிருக்கும். முளைக்காவிட்டால் விதை ஆய்வாளரிடம் புகார் தரலாம், 1915 என்ற நுகர்வோர் எண்ணையும் அழைக்கலாம். கெட்ட விதைக்கு நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அந்தச் சிறுமியின் பள்ளியில் இந்தப் புரட்டாசிக்கு வேறு ஏற்பாடு. சாயம் பூசிய விதையை ஆசிரியர் கையுறை போட்டுக்கொண்டு ஊன்றுகிறார். பிள்ளைகள் ஊன்ற, அவளுடைய ஆச்சி ஒரு மண்சட்டி நிறைய அவரை விதை கொடுத்தனுப்பியிருக்கிறார். சாம்பலில் புரட்டிக் காயவைத்த விதை. ஊன்றி முடித்ததும் எல்லார் கையும் சாம்பல் நிறமாக இருந்தது.