சீனக் குடும்பங்களில் ஓ பேர்

ஓ பேர் என்பது வெளிநாட்டு இளைஞர் ஒருவர் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, குழந்தைகளைக் கவனித்தல் போன்ற சிறு உதவிகளைச் செய்து, அதற்கு ஈடாக உணவு, உறைவிடம், கைச்செலவுப் பணம் ஆகியவற்றைப் பெறும் ஏற்பாடு ஆகும். அவ்வாறு தங்குபவரும் இதே பெயரால் அழைக்கப்படுகிறார். இப்பிரெஞ்சுச் சொல்லுக்குச் 'சமநிலையில்' என்பது பொருள். வருபவர் வேலையாளும் அல்லர், விருந்தினரும் அல்லர். குடும்பத்தாருக்குச் சமமானவர் என்பதே இதன் அடிப்படை. ஐரோப்பாவில் தோன்றிய இவ்வழக்கம் பின்னர் சீன நகரங்களுக்கும் பரவியது. ஆனால் சீனாவில் ஓ பேருக்கெனத் தனி விசா வகை இல்லை. அங்கு செல்ல விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது இதுவே.

ஐரோப்பிய விதிகள்

ஐரோப்பிய மன்றம் 1969 நவம்பர் 24 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ பேர் குறித்த உடன்பாட்டை உருவாக்கியது. அதன்படி ஓ பேரின் வயது பொதுவாக 17 முதல் 30 வரை இருக்க வேண்டும். வீட்டு உதவி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு முழு நாளாவது விடுமுறை தர வேண்டும். மொழி வகுப்புக்குச் செல்லப் போதிய நேரம் ஒதுக்க வேண்டும். இரு தரப்பு உரிமைகளும் கடமைகளும் எழுத்தில் இருக்க வேண்டும். சீனா இந்த உடன்பாட்டில் சேர்ந்த நாடு அன்று. எனவே இவ்விதிகள் சீனக் குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் ஓர் ஏற்பாடு நியாயமானதா என்று எடைபோட இவை நல்ல அளவுகோல்.

சீனக் குடும்பத்தின் எதிர்பார்ப்பு

சீன மொழியில் ஓ பேரை 'ஹுஹுய்ஷெங்' என்பர். பரஸ்பரம் பயன்பெறும் மாணவர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். மாணவர் சீன மொழியைக் கற்கிறார். குழந்தை ஆங்கிலம் கற்கிறது.

சீனாவில் தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் குழந்தையைப் பெரும்பாலும் தாத்தா பாட்டியே பார்த்துக்கொள்கின்றனர். வசதியுள்ள வீடுகளில் சமையலுக்கும் துப்புரவுக்கும் பணிப்பெண் இருப்பார். தாயின் சகோதரியைக் குறிக்கும் 'ஆயி' என்ற சொல்லால் அவரை அழைப்பர். எனவே குழந்தையைக் குளிப்பாட்டவோ சோறூட்டவோ ஓ பேர் தேவைப்படுவது குறைவு. குழந்தையோடு ஆங்கிலத்தில் பேசுவதற்கே அவரை அழைக்கின்றனர். ஒரு குழந்தைக் கொள்கை 2015 வரை நீடித்ததால், பல வீடுகளில் குடும்பத்தின் நம்பிக்கையும் செலவும் ஒரே பிள்ளையின் கல்வி மீது குவிந்தன. அதனால் விளையாட்டும் பேச்சுமாகத் தொடங்கும் மாலை நேரம், மெல்ல மெல்லப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நேரமாக மாறிவிடக்கூடும். சட்டச் சிக்கல் தொடங்கும் இடமும் அதுவே.

விசாவும் சட்டமும்

சீனாவில் வேலைக்கு இசட் வகை விசாவும், படிப்புக்கு எக்ஸ் வகையும், பரிமாற்றப் பயணங்களுக்கு எஃப் வகையும், சுற்றுலாவுக்கு எல் வகையும் வழங்கப்படுகின்றன. ஓ பேராகச் செல்வோர் பலர் மாணவர் விசாவிலோ பரிமாற்ற விசாவிலோ சென்றுள்ளனர். 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குடிவரவு நிர்வாகச் சட்டப்படி, பணி அனுமதி இன்றி வேலை செய்வது குற்றம். மாணவர் விசாவில் இருப்போர் அனுமதிக்கப்பட்ட வரம்பை மீறி வேலை செய்வதும் குற்றமே. இதற்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் விதிக்கலாம். கடுமையான மீறலுக்கு 5 முதல் 15 நாள் வரை காவலும் உண்டு. விடுதியில் அல்லாமல் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும்.

2021 ஜூலையில் பள்ளிக்கு வெளியே நடக்கும் தனிப்பயிற்சியைச் சீன அரசு கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில், 'வீட்டில் தங்கும் ஆசிரியர்' என்ற பெயரில் மறைமுகமாக நடத்தப்படும் பயிற்சிக்கும் எதிராகக் கல்வி அமைச்சகம் நடவடிக்கையை அறிவித்தது. ஆகவே "வீட்டோடு தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள்" என்ற அழைப்பை முன்பைவிட எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.

வீட்டு வாழ்க்கை

உணவைப் பொதுத் தட்டுகளில் வைத்துப் பகிர்ந்து உண்பதும், வெந்நீர் அருந்துவதும் அன்றாட வழக்கங்கள். வீட்டு முதியவர்களின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஒருவரை மற்றவர் முன்னிலையில் குறை கூறுவது அவருடைய மானத்தைக் கெடுப்பதாகக் கருதப்படும். எனவே மனக்குறையைத் தனியாக, அமைதியாகச் சொல்வதே பயன் தரும். வாட்ஸ்அப், கூகுள் ஆகியவை அங்கு தடை செய்யப்பட்டுள்ளன. செய்திப் பரிமாற்றத்துக்கு வீசாட் பயன்படுகிறது. சொந்த ஊருடன் தொடர்புகொள்ளும் வழியைப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

புறப்படும் முன்

சாதாரண வேலையில் மனத்தாங்கல் வந்தால் வேலை மட்டுமே போகும். தங்க வேறு இடம் இருக்கும். ஓ பேருக்கோ பணி, உணவு, படுக்கை எல்லாம் ஒரே குடும்பத்தின் கையில் உள்ளன. உறவு முறிந்தால் அனைத்தும் ஒரே நாளில் போய்விடும். தவறான விசாவில் இருப்பவர் காவல்துறையிடம் முறையிடவும் அஞ்சுவார். எனவே கீழ்க்கண்டவற்றை எழுத்தில் பெற்ற பிறகே புறப்பட வேண்டும்:

* விசா வகை; ஓ பேராகச் செய்யும் உதவிக்கு அவ்விசா இடம் தருகிறதா என்பதைத் தூதரகம் வழியே உறுதி செய்தல்
* நாள்தோறும் உதவ வேண்டிய நேரம், வார விடுமுறை
* கதவு உள்ள தனி அறை
* கைச்செலவுத் தொகையும் அதைத் தரும் நாளும்
* சீன மொழி வகுப்பு, மருத்துவக் காப்பீடு, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவற்றின் செலவை ஏற்பவர் யார் என்பது

கடவுச்சீட்டை எப்போதும் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். சில நாட்கள் விடுதியில் தங்கவும் ஊர் திரும்பவும் போதுமான பணமும் கையில் இருக்க வேண்டும். சீனாவில் காவல்துறை அவசர எண் 110. இந்தியருக்கு உதவப் பெய்ஜிங்கில் தூதரகமும், ஷாங்காய், குவாங்சோ நகரங்களில் துணைத் தூதரகங்களும் உள்ளன.

ஒரு மொழியை அது பேசப்படும் வீட்டிலேயே தங்கிக் கற்பது அரிய வாய்ப்பு. அந்த வீட்டிலிருந்து எந்த நாளிலும் அச்சமின்றி வெளியேற முடிகிற ஓ பேரே உண்மையில் அங்கு சமநிலையில் இருக்கிறார்.