முகத்தைத் திருப்பினால் மூளைக்கும் வலிக்கும்



அடுப்பில் கை சுட்டால் உடனே மருந்து பூசுகிறோம். கலியாண வீட்டில் சொந்த மச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலோ, "அதைப் பெரிதாக எடுக்காதே" என்கிறோம். ஆனால் மூளை அதைப் பெரிதாகத்தான் எடுக்கிறது.

2003இல் அமெரிக்க ஆய்வாளர் நயோமி ஐசன்பேர்கர் குழுவினர் சிலரைக் கணினியில் பந்தெறியும் விளையாட்டில் சேர்த்தார்கள். சற்று நேரத்தில் அவர்களுக்குப் பந்து வருவது நின்றது. அப்போது மூளையைப் படம்பிடித்தபோது, உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி கிளர்ந்திருந்தது. முகம் தெரியாதவர் ஒதுக்கினாலே இப்படியென்றால், உடன்பிறந்தவர் ஒதுக்கினால்?

நெடுநாள் தனிமை தூக்கத்தைக் கெடுக்கிறது. இருதய நோய், பாரிசவாதம், மறதி நோய் ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டுகிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகவும், ஆண்டுக்கு சுமார் 8,71,000 மரணங்கள் அதனோடு தொடர்புடையவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிவித்தது.

ஒதுக்கப்படுதல் கண்டி மக்களுக்குப் புதிதல்ல. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. சுவரைத் திரும்பக் கட்டலாம். பழகிய முகம் அந்நியமான வேதனை இலகுவில் ஆறாது. அன்று அரணாக நின்ற சிங்கள அயலவர்களும் பிக்குகளும் இருந்தார்கள். அவர்களை நினைக்கும்போது மனம் ஆறுதலடைவதும் இதனால்தான்.

தபூக் யுத்தத்தின் பின் கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்களோடு 50 நாட்கள் எவரும் பேசவில்லை. பிறந்து வளர்ந்த ஊரே அவருக்கு அந்நியமாயிற்று. மன்னிப்பு வந்த நாளில் தல்ஹா (ரலி) எழுந்து ஓடிவந்து கைகொடுத்ததை அவர் என்றும் மறக்கவில்லை.

அது அல்லாஹ்வின் தூதர் (ஸல்) இட்ட கட்டளை. நாமோ ஓர் அழைப்பிதழ் வராததற்காக ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கிறோம்! சகோதரனை வெறுத்து ஒதுக்க நபி (ஸல்) அவர்கள் மூன்று நாட்களுக்கு மேல் அனுமதிக்கவில்லையே.

சகோதரியே! பிள்ளைகள் கட்டாரில் இருக்க, தனியே வாழும் உம்மம்மா உங்கள் தெருவிலும் இருப்பார். ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரமாவது அவரோடு இருந்து கதையுங்கள். பெருநாளைக்கு அடுத்த வீட்டுச் சிங்களச் சகோதரிக்கும் வட்டலப்பம் கொடுத்தனுப்புங்கள். பேசாதிருக்கும் உறவுக்கு இன்றே நீங்கள் முந்தி ஸலாம் சொல்லுங்கள். முந்திக்கொள்பவரே சிறந்தவர்.