ஹைப்ரிட் காடி: தோட்டத்துச் சாலையில் எண்ணெய் மிச்சமாகுமா?



தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நேரம் போதாமல் விடுபட்டுப் போனவற்றையும் சேர்த்து இந்த வாரம் எழுதுகிறேன். பேசிய பொருள், ஹைப்ரிட் கார். ரந்தாவ், லிங்கி, சிலியாவ், பகாவ் என நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலிருந்தும் நேயர்கள் வந்திருந்தார்கள். ஒலிவாங்கி முதலில் ஒரு தாயாரிடம் போனது.

"தம்பி, மகன் ஹைப்ரிட் காடிதான் எடுப்பேன்னு நிக்கிறான். அவங்க அப்பாவோட சேமநிதிப் பணத்த டெப்பாசிட்டுக்குக் கேக்குறான். எண்ணெய் பாதிக்குப் பாதி மிச்சமாவுங்கிறான். நெசமா?"

அந்த "நெசமா?"வுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. மகன் தினமும் எந்தச் சாலையில் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. அது ஏன் என்று புரிய வேண்டுமானால் காரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நான் பொறியியல் படித்தவன் அல்லன், தகவல் ஊடகத்தில் டிப்ளோமா பெற்றவன். ஆகவே எனக்குப் புரிந்த மொழியிலேயே சொல்கிறேன். உங்களுக்கும் அதுவே எளிது!

எடுத்துக்காட்டுக்கு டொயோட்டா கொரோலா குரோஸ் ஹைப்ரிட்டை வைத்துக்கொள்வோம். 2020 ஜூலையில் தாய்லாந்தில் உலகுக்கு அறிமுகமான கார் இது. 2021 மார்ச்சில் மலேசியாவுக்கு வந்தது. 2022 தொடக்கத்தில் ஹைப்ரிட் வகை இங்கேயே, கிள்ளான் புக்கிட் ராஜா ஆலையில் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தது. நீளம் 4,460 மில்லிமீட்டர். பார்வைக்கு ஜீப்பைப் போல நிமிர்ந்து நிற்கும். அடியில் இருப்பதோ சாதாரணக் கொரோலா காரின் அடித்தளம்தான். இந்தக் கலப்பைத்தான் கிராஸ்ஓவர் என்கிறார்கள்.

இதில் 1,798 சி.சி. பெட்ரோல் இயந்திரம் ஒன்று. அதன் சக்தி 98 குதிரைச் சக்தி. கூடவே 72 குதிரைச் சக்தியுள்ள மின்மோட்டார். மொத்தம் 122 என்று விளம்பரத்தாளில் போட்டிருக்கும். "98-உம் 72-உம் கூட்டினால் 170 அல்லவா? மீதி எங்கே போயிற்று?" என்று ஓர் இளைஞர் மடக்கினார். நல்ல கேள்வி! இரண்டும் தத்தம் உச்சத்தை ஒரே நொடியில் தொடுவதில்லை. மோட்டாருக்குத் தேவையான மின்சாரத்தை முழுவதுமாகக் கொடுக்க அந்தச் சிறிய பேட்டரியால் முடியாது. ஆகவே சேர்ந்து இழுக்கும்போது கிடைப்பது 122 மட்டுமே.

இயந்திரமும் கொஞ்சம் வித்தியாசமானது. அட்கின்சன் முறை என்பார்கள். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு சற்றுத் தாமதமாக மூடும். அதனால் அழுத்தப்படும் கலவை குறைவு. வெடித்த பிறகு அது விரிந்து தள்ளும் தூரம் அதிகம். எரிந்த ஒவ்வொரு துளியிலிருந்தும் கூடுதல் வேலை வாங்கிக்கொள்ளலாம். குறை என்னவென்றால், நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது இழுவை போதாது. அந்த நேரத்தில் மோட்டார் கை கொடுக்கிறது. சக்கரம் சுழலத் தொடங்கும் நொடியிலேயே மோட்டார் முழு முறுக்கு விசையைத் தந்துவிடும்.

இரண்டையும் சேர்ப்பது ஒரு பல்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிக் கோள்களைப் போலச் சிறு சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். இதனால் வழக்கமான கியர்பெட்டியும் இல்லை, சி.வி.டி. பெல்ட்டும் இல்லை. தனி ஸ்டார்ட்டர் இல்லை, தனி ஆல்டர்னேட்டரும் இல்லை. உள்ளே இருக்கும் இன்னொரு மோட்டாரே இயந்திரத்தை எழுப்புகிறது, மின்சாரமும் தயாரிக்கிறது. சிக்கலான இயந்திரம் என்று பயப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேய்ந்து போகும் சில பாகங்கள் இதில் அறவே கிடையா.

சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா?

விடியுமுன் கித்தா வெட்டப் போன அந்தக் காலத்துச் சைக்கிள்களை நினைத்துப் பாருங்கள். டயரில் டைனமோவை உரசவிட்டால் விளக்கு எரியும். ஆனால் மிதி கனமாகிவிடும். அந்தக் கனம்தான் விளக்குக்கு வெளிச்சமாகப் போனது. ஹைப்ரிட் காரில் பிரேக்கை அமுக்கினால் நடப்பதும் இதுவே. மோட்டார் பெரிய டைனமோவாக மாறிச் சக்கரத்தைக் கனக்கச் செய்கிறது. கார் வேகம் குறைகிறது. பிறந்த மின்சாரம் பேட்டரிக்குள் போகிறது. சாதாரணக் காரில் அந்த வேகம் முழுவதும் பிரேக் கட்டைகளில் சூடாகிக் காற்றில் கலந்து வீணாகும்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? முக்கியமாக இரண்டு இடங்கள். ஒன்று, பிரேக் போடும் இடம். மற்றொன்று, இயந்திரம் அணைந்து கிடக்கக்கூடிய இடம், அதாவது சமிக்ஞை விளக்கிலும் நெரிசலிலும் ஊர்ந்து போகும் நேரம். பிரேக்கே போடாமல் ஒரே சீராக ஓடும் சாலையில் டைனமோவுக்கு வேலை இல்லை. அங்கே மிச்சமாவது, பெரும்பாலும் அந்த அட்கின்சன் இயந்திரத்தின் சிக்கனம் மட்டுமே.

"ராத்திரி வீட்டுக் கரண்டுல மாட்டணுமா? பில்லு ஏறுமே!" என்று ஒரு பெரியவர் கேட்க, மண்டபமே சிரித்தது. ஆனால் நியாயமான கேள்வி. இந்த வகைக் காரில் மாட்டுவதற்குச் செருகியே கிடையாது. செருகி வைத்த ஹைப்ரிட் வேறு வகை. இதன் பேட்டரி ஏறத்தாழ 1.3 கிலோவாட் மணி மட்டுமே. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்று அதில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான். சேர்த்து வைக்கும் பெட்டகம் அல்ல, கை மாற்றிக்கொள்ளும் சில்லறைப் பை.

இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல பாடம் புக்கிட் புத்துஸ். சிரம்பானிலிருந்து கோலா பிலா போகும் பழைய வளைவுப் பாதையில் ஏறும்போது இயந்திரமும் மோட்டாரும் சேர்ந்து உழைக்கும். மறுபக்கம் இறங்கும்போது மின்சாரம் குவியும். ஆனால் சில்லறைப் பை சீக்கிரம் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பிடித்து வைக்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் நெம்புகோலை "பி" என்ற இடத்துக்கு மாற்றினால் இயந்திரமே காரைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடேறாது. "பி" எதற்கு இருக்கிறது என்றே தெரியாமல் பல ஆண்டுகள் ஓட்டியவர்களும் அன்று அரங்கில் இருந்தார்கள்.

இனி, அந்தத் தாயாரின் கணக்குக்கு வருவோம்.

2022-இல் அறிமுகமானபோது ஹைப்ரிட் வகையின் விலை சுமார் 1 லட்சத்து 37 ஆயிரம் வெள்ளி. அதே காரின் உயர்வகைப் பெட்ரோல் மாடல் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். வித்தியாசம் 7 ஆயிரம். பத்து விழுக்காடு முன்பணம், ஒன்பது ஆண்டுத் தவணை, எளிமைக்காக ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டியை முதல் தொகை மீதே போட்டால், அந்த வித்தியாசம் மாதம் சுமார் 74 வெள்ளி.

2025 செப்டம்பர் 30-ஆம் நாள் பூடி 95 திட்டம் தொடங்கியபோது மலேசியர்களுக்கு ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அந்த விலையில் 74 வெள்ளி என்பது ஏறத்தாழ 37 லிட்டர். ஆக மாதம் 37 லிட்டராவது மிச்சம் பிடித்தால்தான் கூடுதல் தவணைக்குச் சரியாகும். நிறுவனம் சொல்வது 100 கிலோமீட்டருக்கு 4.3 லிட்டர், அது சோதனைக்கூட அளவு, நம் சாலையில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். கணக்குக்காக, நகர நெரிசலில் 100 கிலோமீட்டருக்கு 4 லிட்டர் மிச்சம் என்று வைத்தால் மாதம் 930 கிலோமீட்டர் ஓடினாலே போதும். கலந்த சாலையில் இரண்டரை லிட்டர் என்றால் 1,500 கிலோமீட்டர் ஓட வேண்டும். சீரான சாலையில் ஒரு லிட்டர்தான் மிச்சம் என்றால்? 3,700 கிலோமீட்டர்! சலுகை இல்லாமல் கூடுதல் விலைக்கு எண்ணெய் போடுகிறவருக்கு இந்தத் தூரங்கள் குறையும்.

செனவாங்கிலிருந்து நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவர் காலையில் நீலாய், பாங்கி, காஜாங் என்று வரிசையில் ஊர்ந்துதான் போகிறார். அவருக்கு ஹைப்ரிட் பொருந்தும். பகாவ், ரொம்பின், கெமாஸ் பக்கம் செம்பனைக்கு நடுவே நீண்ட காலிச் சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல் வகையே போதும் என்பது என் எண்ணம்.

ஆனால் வித்தியாசத்தைவிட முழுத் தவணை பெரிய விஷயம். மேலே சொன்ன அதே கணக்கில் ஹைப்ரிட்டின் மாதத் தவணை ஏறத்தாழ 1,450 வெள்ளி. 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. எண்ணெயில் நூறு வெள்ளி மிச்சம் பிடிக்க 1,450 வெள்ளி கட்டும் காரை எடுப்பதா என்று அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேச வேண்டும். 55 வயதில் கைக்கு வரும் சேமநிதி திரும்ப வராத பணம். தாயாரிடம் இதைச் சொன்னபோது, "இதத்தான் நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

மற்ற கார்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்டை மாநிலமான மலாக்காவின் பெகோவில் பொருத்தப்படும் ஹோண்டா எச்.ஆர்-வி ஹைப்ரிட் 2022 ஜூலையில் வந்தது. அதில் பெரும்பாலான நேரம் 131 குதிரைச் சக்தி மோட்டார்தான் சக்கரத்தைச் சுழற்றும். 1.5 லிட்டர் இயந்திரம் மின்சாரம் தயாரிக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் அது நேரடியாகச் சக்கரத்தோடு இணையும். பெரோடுவா 2022-இல் அதிவா ஹைப்ரிட்டை 300 பேருக்கு மட்டும், மாதம் 500 வெள்ளிக்கு ஐந்தாண்டு வாடகையில் கொடுத்துப் பார்த்தது. அதில் இயந்திரம் சக்கரத்தோடு சேர்வதே இல்லை.

செம்மண் சாலைக்குத் தாங்குமா?

கொரோலா குரோஸின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி 161 மில்லிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. இழுப்பது முன்சக்கரங்கள் மட்டுமே. காய்ந்த செம்மண் சாலையில் நிதானமாகப் போகலாம். குலை ஏற்றும் லோரிகள் உழுத பள்ளத்தில், மழை பெய்த மறுநாள், இதை ஜீப் என்று நம்பி இறக்க வேண்டாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பேட்டரி பின்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று, பின்னிருக்கைப் பக்கம் உள்ள சிறு வழியாகத்தான் போகிறது. துணிமூட்டை, அரிசிப் பை, பிள்ளைகளின் புத்தகப் பை எதுவும் அதை அடைக்கக் கூடாது. தோட்டத்துப் புழுதியில் தினமும் ஓடும் காரில் அங்குள்ள வலையும் தூசி பிடிக்கும். பராமரிப்புக்கு விடும்போது "அதையும் சுத்தம் செய்யுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சூடுதான் பேட்டரியின் முதல் எதிரி.

ஆரஞ்சு நிறத்தில் தடித்த கம்பிகள் தெரிந்தால் அவை உயர் மின்னழுத்தக் கம்பிகள். பழக்கப்பட்ட போர்மனாக இருந்தாலும் பயிற்சி இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது. வெள்ளத்தில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவும் வேண்டாம். 2021 டிசம்பர் வெள்ளம் நம் மாநிலத்தையும் விடவில்லை. முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளச் சேதம் அதில் தானாகச் சேராது. தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும்.

வாசலில் பிள்ளைகள் விளையாடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மின்சாரத்தில் நகரும்போது இந்தக் காரில் இயந்திரச் சத்தமே இருக்காது. பின்னால் எடுக்கும்போது இறங்கி ஒருமுறை பார்த்துவிட்டு எடுங்கள். லயத்து மாடுகளும் ஒதுங்காது!

கடைசியாகப் பேட்டரியின் ஆயுள். கொரோலா குரோஸின் ஹைப்ரிட் பேட்டரிக்கு நிறுவனம் 8 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. கடனோ 9 ஆண்டு. அந்த ஒன்பதாம் ஆண்டில் தவணையும் ஓடும், உத்தரவாதமும் இருக்காது. பேட்டரி அந்த ஆண்டே போய்விடும் என்று அர்த்தமில்லை. முழுவதும் நிறைக்காமலும் முழுவதும் காலியாக்காமலும் கணினி நடுவிலேயே வைத்திருப்பதால் நீண்ட நாள் உழைப்பது உண்டு. ஆனால் செலவு வந்தால் அது நம் கணக்கில்தான்.

புதியது வாங்க முடியாதவர்கள் பழைய ஹைப்ரிட்டை நாடுகிறார்கள். 2011 முதல் 2013 வரை 2,000 சி.சி.க்குக் குறைந்த ஹைப்ரிட் கார்களுக்கு அரசாங்கம் வரிவிலக்கு அளித்தது. அப்போது வந்த ஹோண்டா இன்சைட், டொயோட்டா பிரியஸ் சி போன்றவை இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பத்தாண்டுக்கும் மேலான பேட்டரி அது. பழைய கார் வியாபாரி "பேட்டரி மாற்றியாச்சு" என்றால், புதிய பேட்டரியா, கெட்டுப்போன செல்களை மட்டும் மாற்றியதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆயுளில் பெரிய வேறுபாடு உண்டு. மாற்றியதற்கான ரசீதை வாங்கிப் பாருங்கள். பிறகு ஹைப்ரிட் தெரிந்த பட்டறையில் கணினியை மாட்டி ஒவ்வொரு பகுதியின் மின்னழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் பேட்டரி நலம். ஒன்றிரண்டு மட்டும் தாழ்ந்து கிடந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விலையைப் பேசிக் குறையுங்கள், அல்லது வேறு கார் பாருங்கள்.