பிஸ்கட் டப்பாவில் ஏழு வளையங்கள்

திருத்தங்கல் மலைமேல் நின்ற நாராயணப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் படியிறங்கி வந்த ஒரு மாலையில், என்றோ மூடப்பட்டுவிட்ட ஸ்டூடியோ ஒன்றின் சொந்தக்காரர் என்னை நிறுத்தி, "அண்ணாச்சி, பழைய இரும்புக் கடைக்காரரு நாளைக்கு வாறேன்னு சொல்லியிருக்காரு, அதுக்கு முன்னால இதெல்லாம் என்னன்னு ஒரு பார்வை பார்த்துச் சொல்லிருங்க" என்று ஒரு பிஸ்கட் டப்பாவைக் கையில் கொடுத்தார். உள்ளே ஏழு உலோக வளையங்கள் கிடந்தன. சிலவற்றில் உட்புறம் மரை. சிலவற்றின் விளிம்பில் மூன்று நகங்கள். ஒன்றின் நடுவே கண்ணாடி. எதன்மேலும் படிக்கும்படியான பெயர் இல்லை. பட்டாசுத் தொழிலுக்கு இந்தப் பூமியை உகந்ததாக்கிய அதே வறண்ட காற்றின் தயவால், இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் அவற்றில் களிம்பு ஏறியிருக்கவில்லை.

அவை அடாப்டர்கள், ஒரு கம்பெனியின் லென்ஸை மற்றொரு கம்பெனியின் ஃபிலிம் காமிராவில் பொருத்துவதற்கு நடுவே வைக்கும் வளையங்கள். 1949-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்திலிருந்து வெளிவந்த காண்டாக்ஸ் எஸ் காமிராவில் இடம்பெற்ற 42 மில்லிமீட்டர் மரை, பிறகு பிரக்டிகா, ஜெனித், பென்டாக்ஸ் முதலிய பல காமிராக்களுக்கும் பொதுவாகி, லென்ஸ்களைத் தாராளமாக மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. ஆனால் 1959-ல் நிக்கானும், 1971-ல் எஃப்டி என்ற பெயரில் கானானும் தத்தமக்கே உரிய பிடிமானங்களை வகுத்துக்கொள்ள, 1975-ல் பென்டாக்ஸே மரையைக் கைவிட்டு நகங்களுக்கு மாறிவிட, பணம் கொடுத்து வாங்கிய நல்ல லென்ஸைப் புதுக் காமிராவில் எப்படி மாட்டுவது என்ற சங்கடம் புகைப்படக்காரர்களுக்கு நேர்ந்தது. அந்தச் சங்கடத்திற்குப் பரிகாரமாக வந்தவையே இவ்வளையங்கள்.

இவற்றை அடையாளம் காண்பதற்குப் பெயரைத் தேடுவதைவிட அளவைத் தேடுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்குவது மிகவும் சுலபம். ஏனெனில் சிவகாசி அச்சகங்களில் 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை அறியாத தொழிலாளி இல்லை. நான்கு வர்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்று அணுவளவும் பிசகாமல் விழுந்தால்தான் காலண்டரில் அம்பாளின் முகம் தெளிவாக இருக்கும். ஒரு வர்ணம் மயிரிழை விலகினாலும் முகம் கலங்கிவிடும். காமிராவிலும் அதே பெயரில் ஒரு தூரம் உண்டு. லென்ஸ் வந்து உட்காரும் முகப்பிலிருந்து ஃபிலிம் வரையில் உள்ள இடைவெளியே அது. 42 மில்லிமீட்டர் மரைக்கு 45.46 மி.மீ., நிக்கானுக்கு 46.5, கானான் எஃப்டிக்கு 42 என்று அது ஒவ்வொரு வகைக்கும் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, லென்ஸுக்கு உரிய தூரத்திலிருந்து காமிராவுக்கு உரிய தூரத்தைக் கழித்தால் கிடைப்பதுதான் வளையத்தின் கனம். மரை லென்ஸைக் கானானில் மாட்டும் வளையம் 3.46 மி.மீ. இருக்க வேண்டும். நகங்களைச் சேர்க்காமல், லென்ஸ் உட்காரும் தளத்திலிருந்து காமிராவைத் தொடும் தளம் வரையில் வெர்னியர் காலிபரால் அளந்து பார்த்தால், பெயரில்லாத வளையமும் தன் பூர்வீகத்தைச் சொல்லிவிடும்.

அந்த ஏழில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது ஒரு கறுத்த அலுமினிய வளையம். ஒரு புறம் நிக்கான் நகங்கள், மறுபுறம் மரை. காலிபரை உள்ளே வைத்தபோது ஏறக்குறைய 41 மி.மீ. காட்டியது, உள்மரையில் அளந்தால் பெயரளவைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாகவே தெரியுமாதலால், அது 42 மரை என்பதில் சந்தேகமில்லை. "எங்க ஜெனித் லென்ஸ் இதுல ஒண்ணரைச் சுத்து போகும் அண்ணாச்சி, அதுக்கு மேல இறுகிக்கிடும்" என்றார் அவர். யாரோ அதற்கு மேலும் பலாத்காரமாகத் திருகிப் பார்த்ததன் தடயமாக, முதல் புரி ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. அச்சில் புள்ளிகளைச் சோதிக்கும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று அவர் வீட்டில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, ஸ்கேலில் 3 மில்லிமீட்டருக்குள் எத்தனை புரிகள் என்று எண்ணினோம். ஜெனித் லென்ஸில் மூன்று. இவ்வளையத்தில் நான்கு.

அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. ஒரே விட்டமுள்ள இரண்டு மரைகள் உலகத்தில் உண்டு: ஒன்று புரிக்குப் புரி 1 மி.மீ. செல்வது; மற்றொன்று 0.75 மி.மீ. செல்வது. பின்னதுதான் ஜப்பானின் டாம்ரான் கம்பெனி, எந்தக் காமிராவிலும் தன் லென்ஸ் பொருந்த வேண்டும் என்ற நோக்கத்தோடு 1957-ல் கொண்டுவந்த 'டி' மவுண்ட். அதற்குரிய தூரம் 55 மி.மீ.; அதிலிருந்து நிக்கானின் 46.5-ஐக் கழித்தால் 8.5; அளந்தோம், அதுவே வந்தது. வளையத்தின் சுற்றுப்புறத்தில் கண்ணுக்குத் தப்பிப்போகும் அளவுக்குச் சிறிய மூன்று திருகுகள் இருந்ததும் இதை ஊர்ஜிதம் செய்தது. அவற்றைத் தளர்த்தி, லென்ஸின் எழுத்துகள் மேல்நோக்கி வரும்படி உள்வளையத்தைத் திருப்பி வைப்பதற்காகவே அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்டூடியோக்காரர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, தேரோட்டத்தைத் தூரத்திலிருந்து எடுப்பதற்காக முன்னொரு காலத்தில் வாங்கிய 400 மி.மீ. லென்ஸ் பரணில் கிடப்பதாகச் சொன்னார்.

கண்ணாடியுள்ள வளையம் வேறு கதை. அது 1 மி.மீ. புரியுள்ள 42 மரை லென்ஸை நிக்கானில் மாட்டுவதற்கானது. அந்த லென்ஸுக்குத் தேவையான தூரம் நிக்கானின் தூரத்தைவிடக் குறைவாதலால், எவ்வளவு மெல்லிய வளையம் செய்தாலும் தொலைவிலுள்ள மலையோ கோபுரமோ தெளிவாக விழாது. அந்தக் குறையை ஈடுசெய்யவே நடுவில் கண்ணாடி வைக்கிறார்கள். அதை வேண்டாததென்று எண்ணிக் கழற்றி எறிபவர்களும் உண்டு. இதைவிட ஏமாற்றுவது 39 மி.மீ. மரை: லைக்காவுக்கும் அதுவே, ஆரம்பகால ஜெனித்துக்கும் அதுவே. லைக்காவின் புரி அங்குலத்துக்கு 26. ஜெனித்துடையது ஒரு மில்லிமீட்டர். எண்ணிப் பார்த்தாலும் பேதம் தெரியாது, ஒன்று மற்றொன்றில் ஏறவும் ஏறும். ஆனால் லைக்காவின் தூரம் 28.8, ஜெனித்தினுடையது 45.2 ஆகையால், லைக்கா லென்ஸை அங்கே மாட்டினால் மிக அருகிலுள்ள பொருளைத் தவிர வேறெதுவும் துலங்காது.

சங்கப் புலவர்களில் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய தங்கால்தான் இன்றைய திருத்தங்கல் என்று சொல்வார்கள். உலோகத்தை அளந்து அறியும் கண் இந்த ஊருக்குப் புதியதன்று என்று எண்ணும்போது எனக்கு மனம் நிறைகிறது. ஆயினும் அளவுகோலைக் காட்டிலும் எளிதில் அழிந்துபோவது ஞாபகம். பரணில் கிடக்கும் அந்த 400 மி.மீ. லென்ஸைப் பற்றி அறிந்தவர் அந்த வீட்டிலேயே ஸ்டூடியோக்காரர் ஒருவர்தான்.

உங்கள் வீட்டிலும் மூடிய ஸ்டூடியோவின் சாமான்கள் இருக்குமானால், எடைக்குப் போடுவதற்கு முன், பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளையத்தின் விட்டம், புரி, கனம் மூன்றையும் அளந்து, எந்த லென்ஸுக்கு எந்தக் காமிரா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதனோடு நூலால் கட்டி வையுங்கள். இறுகினால் மட்டும் திருகாதீர்கள்.